தாளவாடி, ஆசனூர் பக்கம் மாடு மேய்ப்பவர்கள் உதவ முடியுமா?

வணக்கங்க. கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறேன். சத்தியமங்கலம் காட்டோரத்தில் புள்ளிமானுக்கும் பட்டி மாட்டுக்கும் இடையே சர்ரா நோய் (கடிக்கும் ஈக்கள் பரப்பும் ரத்த ஒட்டுண்ணி நோய்) எப்படிப் பரவக்கூடும் என்று ஒரு கணித மாதிரி எழுதி வருகிறேன்.

மலேரியாவுக்கு ரொனால்ட் ராஸ் அமைத்த சமன்பாடுகளில்தான் தொடங்கினேன். மலேரியாவில் ஒட்டுண்ணி கொசுவுக்குள் பல நாள் வளர்ந்த பிறகே அடுத்தவருக்குத் தொற்றும். சர்ராவில் அப்படி வளர்ச்சி கிடையாது. ரத்தம் குடிக்கும் பெரிய ஈ பாதியில் விரட்டப்பட்டு, வாயில் ஒட்டிய ரத்தம் காய்வதற்குள் அடுத்த விலங்கைக் கடித்தால்தான் ஒட்டுண்ணி போய்ச் சேரும். அதனால் ஈயின் ஆயுளைவிட, மானும் மாடும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதுதான் என் கணக்குக்கு உயிர். அந்த எண்தான் என்னிடம் இல்லை.

குட்டையில் இரண்டும் ஒரே நேரத்தில் தண்ணீர் குடிக்குமா, முன்பின்னாக வருமா? மாடுகளை இந்த ஈ எந்த மாதங்களில் அதிகம் படுத்துகிறது? தோராயமாகச் சொன்னாலும் போதும்.

அப்புறம், கால்நடை மருத்துவர்கள் யாராவது இருந்தால் ஒரு கேள்வி. மாடு பல நேரம் வெளியே தெரியாமலே இந்த ஒட்டுண்ணியைச் சுமக்கும் என்கிறார்களே, நீங்கள் பார்த்தவரை அது எவ்வளவு காலம்? ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து நேரில் வந்து கேட்டுக்கொள்ளவும் தயாராக இருக்கிறேன்.