தில்லியில் ஒரு நாள் வழிகாட்டிச் சுற்றுலா: பெற்றோரைத் திங்கட்கிழமை அனுப்பலாமா?

செம்மண்சாலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோர் வரும் டிசம்பரில் உறவினர் வீட்டுத் திருமணத்திற்காகக் காரைக்குடியிலிருந்து தில்லிக்குச் செல்கிறார்கள். திருமணம் ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. செவ்வாய் இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் திரும்புகிறார்கள். திங்கட்கிழமையை ஊர் சுற்றிப் பார்ப்பதற்கும் செவ்வாய்க்கிழமையைக் கடைவீதிகளுக்கும் ஒதுக்கியிருக்கிறோம். அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். முப்பத்து நான்கு ஆண்டுகள் முகலாயர் காலத்தை வகுப்பில் நடத்தியவர், செங்கோட்டையை இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சமதரையில் மெதுவாக நடந்துவிடுவார், செங்குத்தான படிகள்தான் ஆகாது. இருவருக்கும் இந்தி தெரியாது, அப்பாவுக்கு மட்டும் ஆங்கிலம் நன்றாகப் புரியும்.

ஒரு சுற்றுலா நிறுவனம் காலை எட்டரை முதல் மாலை ஆறரை வரை, குளிர்சாதனப் பேருந்தில், வழிகாட்டியுடன் ஒன்பது இடங்களைக் காட்டுவதாகச் சொல்கிறது: பிர்லா கோயில், சீக்கியர்களின் பங்களா சாஹிப் குருத்வாரா, இந்தியா கேட், செங்கோட்டை, ராஜ்காட், ஹுமாயூன் கல்லறை, தாமரைக் கோயில், குதுப் மினார், அக்‌ஷர்தாம். கட்டணம் குறைவாகவே இருக்கிறது. இதில் பதிவு செய்யலாமா, அல்லது தனி வாடகைக் கார் எடுப்பது நல்லதா என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கரோல்பாக் வாசி எழுதியது:

முதலில் கிழமையை மாற்றுங்கள். தில்லியில் திங்கட்கிழமை செங்கோட்டை, தாமரைக் கோயில், அக்‌ஷர்தாம், தேசிய அருங்காட்சியகம் ஆகிய அனைத்துக்கும் விடுமுறை. நீங்கள் தந்த பட்டியலிலேயே மூன்று இடங்கள் பூட்டியிருக்கும். அந்த நிறுவனத்தின் விளம்பரத்தில் எங்காவது பொடி எழுத்தில் "சில இடங்கள் வெளியிலிருந்து காட்டப்படும்" என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். முப்பத்து நான்கு ஆண்டுகள் பாடம் நடத்திய மனிதரைச் செங்கோட்டையின் லாகூர் வாசலுக்கு எதிரே சாலையோரத்தில் நிறுத்தி, "அதோ தெரிகிறதே, அதுதான் கோட்டை" என்று காட்டிவிட்டு வண்டியைக் கிளப்புவது நியாயமாகாது.

அடுத்தது தூரம். செங்கோட்டை பழைய தில்லியில், யமுனைப் பக்கம் இருக்கிறது. குதுப் மினார் தெற்குக் கோடியில், அங்கிருந்து சாலை வழியாக ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அக்‌ஷர்தாமோ ஆற்றைத் தாண்டி அக்கரையில் இருக்கிறது. அக்‌ஷர்தாமுக்குள் கைப்பேசிக்கு அனுமதி கிடையாது. அதை ஒப்படைத்து, சோதனை வரிசையில் நின்று உள்ளே போய் வருவதற்கே அரை நாள் வேண்டும். மேலும் டிசம்பரில் ஐந்தரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் என்பதால், ஆறரை மணிவரை நீளும் பயணத்தின் கடைசி ஒரு மணி நேரம் இருட்டில்தான் கழியும். காலையில் மூடுபனி இருந்தால் தொடக்கத்திலும் கொஞ்சம் போய்விடும்.

உங்கள் தந்தைக்கு இரண்டு முகலாய இடங்கள் போதும் என்பது என் கருத்து, ஆனால் அவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். செங்கோட்டைப் பணி 1639-இல் தொடங்கி 1648-இல் முடிந்தது. பேரரசர் முக்கியமானவர்களைச் சந்தித்த திவானி காஸ் மண்டபத்தில் நின்றால், 1739-இல் பாரசீக மன்னர் நாதிர் ஷா மயிலாசனத்தைக் கொண்டுபோனது முதல், 1858-இல் அதே மண்டபத்தில் கடைசி முகலாயப் பேரரசர் பகதூர் ஷா ஜஃபர் விசாரிக்கப்பட்டது வரை ஒரே இடத்தில் வைத்துப் பேசலாம். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீதான வழக்கு 1945-இல் நடந்ததும் இந்தக் கோட்டைக்குள்தான். அங்கிருந்து நேரே ஹுமாயூன் கல்லறைக்குப் போனால், 1857-இல் அந்தக் கடைசிப் பேரரசர் தம் முன்னோரின் கல்லறையில் அடைக்கலம் புகுந்து, அங்கேயே ஆங்கிலேயரிடம் பிடிபட்ட கதை தொடரும். நல்ல வழிகாட்டி இந்த இரண்டையும் கோத்துச் சொல்வார். பேருந்துக் கூட்டத்தை மேய்ப்பவருக்கு அதற்கெல்லாம் நேரம் இருக்காது.

அம்மாவைக் கல்லறையின் மேல்தளத்திற்கு ஏற்ற வேண்டாம். படிகள் உயரமானவை, செங்குத்தானவை. கீழே தோட்டத்தில் உட்கார்ந்தாலே கட்டடம் முழுதும் கண்ணுக்குக் கிடைக்கும்.

மைதிலி_புதுவை எழுதியது:

நான் சென்ற ஆண்டு என் தாயாருடன் இதே போன்ற ஒரு பேருந்துச் சுற்றுலாவில் போனேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. எனக்குக் கணக்கு எழுதும் வழக்கம் உண்டு என்பதால் எங்கே எவ்வளவு நேரம் போனது என்பதைச் சிறிய நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். பத்து மணி நேரப் பயணத்தில், அதாவது அறுநூறு நிமிடங்களில், 230 நிமிடங்கள் வண்டியில் உட்கார்ந்திருந்தோம். சாப்பாட்டுக்கு 55 நிமிடங்கள். பின்தங்கிய சக பயணிகளுக்காகக் காத்திருந்தது 40 நிமிடங்கள். "கைத்தறி எம்போரியம்", "ரத்தினக் கல் காட்சியகம்" என்று நிகழ்ச்சி நிரலில் இல்லாத இரண்டு கடைகளில் 85 நிமிடங்கள். இடங்களைப் பார்க்க மிஞ்சியவை 190 நிமிடங்கள் மட்டுமே. குதுப் மினாரில் எங்களுக்குக் கிடைத்தது இருபத்தைந்து நிமிடங்கள், காஷ்மீர்ச் சால்வைக் கடையில் நாற்பத்தைந்து.

இருந்தாலும் ஒரே அடியாகக் குறை சொல்ல மாட்டேன். நுழைவுச்சீட்டு, வாகன நிறுத்தம், கழிப்பறை எங்கே என்ற கவலைகள் எதுவும் எங்களுக்கு இல்லை. பங்களா சாஹிப்பில் வழிகாட்டி செய்ததை மறக்க முடியாது. தலையை மூட ஆளுக்கொரு துணி வாங்கிக் கொடுத்தார். சில்லென்ற சலவைக்கல் தரையில் விரிப்பு இருந்த பக்கமாக அம்மாவை அழைத்துப் போனார். உள்ளே எப்படி வணங்க வேண்டும், பிரசாதத்தை இரு கைகளையும் சேர்த்து நீட்டித்தான் வாங்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார். கையில் விழுந்த சூடான கோதுமை அல்வாவின் நெய் விரலிடுக்கில் வழிய, "பெருமாள் கோயில் சர்க்கரைப் பொங்கல் மாதிரியே இருக்கிறதே" என்றார் அம்மா. அன்று அவர் மனம்விட்டுச் சிரித்த ஒரே இடம் அது. ஆகையால் வழிகாட்டி வேண்டும், ஒன்பது இடங்கள் வேண்டாம்.

பழைய ரயில்வேக்காரன் எழுதியது:

மேலே இருவரும் சொன்னதோடு உடன்படுகிறேன்; ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பணிக்காலத்தில் பதினோரு ஆண்டுகள் தில்லியில் இருந்தேன்; ஊரிலிருந்து வந்த உறவினர்களை அழைத்துப் போயே குதுப் மினாரை இருபது முறையாவது பார்த்திருப்பேன். அதை விட்டுவிட வேண்டாம். பெரும்பகுதி சமதரை, உங்கள் அம்மாவுக்கு ஏற்ற இடம். கோபுரத்தின் 379 படிகளைப் பற்றிப் பயப்பட வேண்டாம், 1981-இல் நேர்ந்த விபத்துக்குப் பிறகு யாரையும் ஏற விடுவதில்லை.

எல்லோரும் 72.5 மீட்டர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலுள்ள பழைய மசூதியின் தூண்களுக்கு அருகே போய் நிற்கச் சொல்லுங்கள். இருபத்தேழு கோயில்களின் கற்களைக் கொண்டு கட்டியதாக அதன் வாசல் கல்வெட்டே கூறுகிறது. தூணில் சங்கிலியில் தொங்கும் மணியும், விளிம்பில் இலை வழியும் பூரண கும்பமும் செதுக்கப்பட்டிருக்கும். என் மாமியார் அந்த மணியைத் தடவிப் பார்த்தபடி வெகுநேரம் பேசாமல் நின்றார்.

முற்றத்து இரும்புத் தூணைப் பற்றி வழிகாட்டிகள் கொஞ்சம் மிகைப்படுத்துவார்கள். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாகத் துருவே பிடிக்கவில்லை என்பார்கள். மண்ணுக்குள் புதைந்த பகுதியில் துரு உண்டு. வெளிப்பகுதி தப்பியதற்குக் காரணம், இரும்பில் மிகுந்திருக்கும் பாஸ்பரஸ் மேற்பரப்பில் ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டாக உதவியது என்று கான்பூர் ஐஐடியின் ஆய்வாளர் பாலசுப்பிரமணியம் விளக்கியிருக்கிறார். தூணுக்கு முதுகைக் காட்டி நின்று, கைகளைப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிப்பிடித்தால் நினைத்தது நடக்கும் என்ற நம்பிக்கையால் அது வழவழவென்று தேய்ந்ததால், இப்போது சுற்றிலும் வேலி போட்டிருக்கிறார்கள்.

வாகனத்தைத் தனியாகவும், வழிகாட்டியைத் தனியாகவும் அமர்த்துங்கள். சுற்றுலா அமைச்சகத்தின் உரிமம் பெற்றவர்களிடம் அடையாள அட்டை இருக்கும்; அதைக் காட்டச் சொல்வதில் தயக்கம் வேண்டாம். ஆங்கிலத்தில் பேசுபவர் எளிதாகக் கிடைப்பார், அப்பா கேட்டு அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். எந்தக் கடைக்கும் போகக் கூடாது என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் கடைக்காரர் தரும் கமிஷனை நம்பித்தான் பல இடங்களில் கட்டணம் அவ்வளவு குறைவாக இருக்கிறது.

செம்மண்சாலை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. திங்கட்கிழமைதான் விடுமுறை என்பது என் மனதில் படவே இல்லை. கடைவீதியைத் திங்களுக்கும் சுற்றுலாவைச் செவ்வாய்க்கும் மாற்றிவிட்டோம். செங்கோட்டை, ஹுமாயூன் கல்லறை, குதுப் மினார் மூன்றும் போதும் என்று முடிவு செய்திருக்கிறேன். முதலில் பேசிய வாடகைக் கார் நிறுவனத்தாரிடம் கடைகள் வேண்டாம் என்றேன். "ஒரே ஒரு கடை சார், பத்து நிமிடம், வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை" என்றார்கள். வேறு இடத்தில் பதிவு செய்துவிட்டேன். அம்மா குருத்வாராவையும் கேட்கிறார். ரயிலுக்கு முன்பு மாலையில் அங்கே போக நேரம் இருக்குமா?

கரோல்பாக் வாசி எழுதியது:

செவ்வாய் மாலை வேண்டாம். பங்களா சாஹிப்புக்கு அருகிலேயே பழைய அனுமார் கோயில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அங்கே கூட்டம் சாலைவரை நிற்கும், ரயிலைக் கோட்டைவிடும் அபாயம் உண்டு. திங்கட்கிழமை காலையில் குருத்வாராவுக்குப் போய்விட்டு, அங்கேயே லங்கர் என்னும் அன்னதானக் கூடத்தில் சாப்பிட்டு, பிறகு கடைகளுக்குப் போகட்டும்.

செவ்வாயன்று குதுப் மினாருக்குப் போகும் வழியில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால், ஜன்பத்திலுள்ள தேசிய அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொகஞ்சதாரோவில் கிடைத்த வெண்கலச் சிலையான நடனப் பெண் அங்கே இருக்கிறாள், உயரம் பத்தரை சென்டிமீட்டர்தான். உங்கள் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத் திருவரங்குளத்திலிருந்து போன சோழர் கால நடராஜரும் அங்கேதான் இருக்கிறார்; நாம் வழக்கமாகப் பார்க்கும் தூக்கிய திருவடி இல்லாமல் சதுர தாண்டவ நிலையில் இருப்பார்.

செம்மண்சாலை எழுதியது:

அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். "ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர்ச் சாமியைப் பார்க்க இரண்டாயிரம் கிலோமீட்டர் ரயிலில் போக வேண்டியிருக்கிறதே" என்று சொல்லிவிட்டு, அருங்காட்சியகம் காலையில் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று கேட்கச் சொன்னார்.