அவசரம்: ரிலே லாக் கரப்ட், ரெப்ளிகேஷன் நின்றுவிட்டது

இரவுஷிப்ட் (இரவு 11:42)
மாஸ்டர் சர்வரில் நடக்கும் மாற்றங்களை வாங்கி நகல் வைத்திருக்கும் ஸ்லேவ் சர்வரில் 1594 பிழை வருகிறது; வாங்கிய மாற்றங்களைச் சேர்த்து வைக்கும் ரிலே லாக்கைப் படிக்க முடியவில்லை. ஸ்டார்ட் ஸ்லேவ் கொடுத்தால் உடனே நின்றுவிடுகிறது. டேட்டாபேஸ் 380 ஜிபி, மறுபடி டம்ப் (முழு நகல்) எடுத்து ஏற்ற நேரமில்லை. காலையில் ரிப்போர்ட் எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

கயல்
மைஎஸ்க்யூஎல்லா, மரியாடிபியா? எந்த வெர்ஷன்? ஜிடிஐடி (ஒவ்வொரு டிரான்ஸாக்‌ஷனுக்கும் தனி அடையாளம்) உண்டா?

சும்மாபார்வை
ஸ்கிப் கவுண்டரை 1 என்று வைத்து, சிக்கிய ஈவென்டை (மாற்றப் பதிவை) தாண்டவிட்டு ஸ்டார்ட் ஸ்லேவ் கொடுங்கள். எனக்கு எப்போதும் இதுதான் கைகொடுக்கும்.

மூத்தவேர்
வாரம் ஒருவர் இப்படி வருகிறார். 1594இன் பிழைச்செய்தியை முழுதாகப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. மாஸ்டரின் பின்லாக் (பைனரி லாக், அங்கே நடக்கும் மாற்றங்களின் பதிவு) கெட்டிருக்கலாம், ஸ்லேவின் ரிலே லாக் கெட்டிருக்கலாம், நெட்வொர்க் கோளாறாக இருக்கலாம், மைஎஸ்க்யூஎல் பக்காகவும் இருக்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. எது என்று பார்த்தீர்களா?

தகடுராஜா
ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. ஸ்மார்ட் ரிப்போர்ட் (டிஸ்க்கின் உடல்நிலை அறிக்கை) எடுத்துப் பாருங்கள். பந்தயம் கட்டுகிறேன்.

கயல்
பந்தயம் இருக்கட்டும். ஷோ ஸ்லேவ் ஸ்டேட்டஸ் முழுதையும் போடுங்கள். கடைசியாக என்ன நடந்தது? மின்வெட்டா, டிஸ்க் நிரம்பியதா?

இரவுஷிப்ட் (12:20)
மைஎஸ்க்யூஎல் 5.7. ஜிடிஐடி இல்லை. சாயங்காலம் கரண்ட் போனது, சொல்ல மறந்துவிட்டேன். மாஸ்டர் லாக் ஃபைல் 412, ரீட் பொசிஷன் 88120455. ரிலே மாஸ்டர் லாக் ஃபைல் 409, எக்ஸெக் பொசிஷன் 51733902.

கயல்
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். சரி, கவனமாகப் படியுங்கள். 412 என்பது ஐஓ த்ரெட் (மாஸ்டரிலிருந்து மாற்றங்களை வாங்கும் பகுதி) இறக்கி வைத்த இடம். 409 என்பது எஸ்க்யூஎல் த்ரெட் (அவற்றை டேட்டாபேஸில் ஏற்றும் பகுதி) உண்மையில் செய்து முடித்த இடம். நமக்கு வேண்டியது இரண்டாவதுதான். அவசரத்தில் 412ஐக் கொடுத்தால் நடுவில் உள்ள அத்தனையும் சத்தமில்லாமல் தொலைந்துவிடும்.

மாஸ்டரில் ஷோ பைனரி லாக்ஸ் கொடுத்து 409 இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மைஎஸ்க்யூஎல் பின்லாக் கருவியால் அந்தக் கோப்பைக் கடைசி வரை படிக்க வையுங்கள், செக்சம் (கோப்பு கெடவில்லை என்று காட்டும் எண்) சரிபார்க்கும் ஆப்ஷனோடு. பிழையில்லாமல் முடிந்தால் மாஸ்டர் பக்கம் நலம். அப்புறம் ஸ்டாப் ஸ்லேவ், சேஞ்ச் மாஸ்டரில் 409, 51733902 கொடுத்து ஸ்டார்ட் ஸ்லேவ். பழைய ரிலே லாக்குகளை அதுவே தூக்கி எறிந்துவிட்டு மாஸ்டரிலிருந்து புதிதாக வாங்கிக்கொள்ளும். நீங்கள் கையால் அழிக்கப் போகாதீர்கள்.

சும்மாபார்வை
இவ்வளவு சுற்று எதற்கு? ஒரே வரியில் ஸ்கிப் பண்ணலாமே.

கயல்
ஈவென்டையே படிக்க முடியாதபோது எதைத் தாண்டும்? அது எங்கே முடிகிறது என்றே த்ரெட்டுக்குத் தெரியாது.

தகடுராஜா
மின்வெட்டு என்றால் யுபிஎஸ் எங்கே போனது? வீட்டு இன்வெர்டரில் சர்வர் ஓட்டுகிறார்களோ?

சும்மாபார்வை
எங்கள் ஆபீஸில் இன்வெர்டர்தான். நான்கு வருடமாக ஒரு பிரச்சினையும் இல்லை.

தகடுராஜா
கரண்ட் போனதும் இன்வெர்டர் மாறுகிற அந்த ஒரு கணத்தை சர்வரின் பவர் சப்ளை தாங்கினால் உங்கள் அதிர்ஷ்டம். ஒருநாள் தாங்காது.

மூத்தவேர்
5.7க்கு 2023 அக்டோபரோடு சப்போர்ட் முடிந்துவிட்டது. அதை விட்டுவிட்டு பேட்டரி பற்றிப் பேசுகிறீர்கள்.

சும்மாபார்வை
சார், கேட்டவருக்கு விடிவதற்குள் வேலை முடிய வேண்டும். அப்கிரேட் கதை எதற்கு இப்போது?

இரவுஷிப்ட் (1:35)
409 இருந்தது, செக்சம் சரி. மாற்றிவிட்டேன். இப்போது 1062, டூப்ளிகேட் கீ!!

கயல்
பயப்படாதீர்கள். 5.7இல் எஸ்க்யூஎல் த்ரெட்டின் இடம் இயல்பாக ஒரு கோப்பில்தான் இருக்கும், டேபிளில் அல்ல. அந்தக் கோப்பை 10000 டிரான்ஸாக்‌ஷனுக்கு ஒருமுறைதான் டிஸ்க்கோடு சிங்க் செய்யும். கரண்ட் போனபோது டேட்டா முன்னால் போயிருக்கிறது, கோப்பில் இருந்த எண் பின்தங்கிவிட்டது. ஏற்கெனவே ஏறிய வரிகளை மறுபடி ஏற்றப் பார்க்கிறது.

பின்லாக் ஃபார்மேட் ரோ (மாறிய வரிகளைப் பதிவது) என்றால் மட்டும், ஸ்லேவ் எக்ஸெக் மோடை ஐடெம்பொடென்ட் (டூப்ளிகேட் கீ போன்ற பிழையில் நிற்காமல் ஓடுவது) என்று வைத்து ஓட விடுங்கள். மாஸ்டரை எட்டிப் பிடித்ததும் இயல்பான நிலையான ஸ்ட்ரிக்ட்டுக்குத் திருப்புங்கள். ஸ்டேட்மென்ட் (கட்டளையையே பதிவது) என்றால் இதில் கை வைக்காதீர்கள், இங்கே வந்து சொல்லுங்கள். இருப்பில் 100 கூட்டு என்ற வரி இரண்டு முறை ஓடினால் பிழையே வராது, கணக்குத்தான் தப்பாகும்.

எது எப்படியானாலும் பிறகு பெர்கோனா நிறுவனத்தின் பிடி டேபிள் செக்சம் கருவியை ஓட்டி மாஸ்டரையும் ஸ்லேவையும் ஒப்பிடுங்கள். ரிலே லாக் ரெகவரியை ஆன் செய்து, ரிலே லாக் இன்ஃபோ ரெப்பாசிட்டரியை (எஸ்க்யூஎல் த்ரெட்டின் இடத்தை எழுதி வைப்பது) கோப்பிலிருந்து டேபிளுக்கு மாற்றிவிட்டால் அடுத்த மின்வெட்டுக்கு இவ்வளவு பாடு இருக்காது.

மூத்தவேர்
டிரான்ஸாக்‌ஷன் வசதியுள்ள இன்னோடிபி வகை டேபிள்களுக்கு மட்டும்தான் அந்தப் பாதுகாப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த வசதியில்லாத மைஐசாம் வகையை வைத்திருப்பார், பாருங்கள்.

இரவுஷிப்ட் (4:10)
ஐடெம்பொடென்ட் வைத்தேன், ஓடிவிட்டது. செகண்ட்ஸ் பிஹைண்ட் (மாஸ்டரைவிட எத்தனை நொடி பின்னால்) 0. நன்றி அனைவருக்கும், தூங்கப் போகிறேன்.

கயல்
நல்லது. ஃபார்மேட் ரோதானா என்று பார்த்துவிட்டுத்தானே வைத்தீர்கள்? மிக்ஸ்ட் (இரண்டும் கலந்தது) என்றால் செக்சம் ஓட்டாமல் காலை ரிப்போர்ட்டை அனுப்பாதீர்கள்.

கயல் (மறுநாள் காலை 10:05)
இரவுஷிப்ட், இருக்கிறீர்களா?

தகடுராஜா
டிஸ்க்கையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.