சொந்தப் பேரா, உறவு தந்த பேரா: நாம யாரு?

கோவில்பட்டிக்காரி:
போன மாசம் அம்மா தவறிட்டாங்க. தம்பி கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிச்சான். அம்மா தனியா நிக்கிற போட்டோ ஒண்ணுகூட வீட்டுல கிடைக்கல. எல்லாத்துலயும் அப்பா பக்கத்துல, இல்லன்னா இடுப்புல ஒரு பிள்ளையோட. அதனால பேரை மட்டும் போட்டு ஒட்டினோம். காலையில பால்காரர் வந்து கேட்டார்: "உங்க தெருவுல யாரோ தவறிட்டாங்களாமே, யாரும்மா அது?"

41 வருஷம் அம்மா இருந்த தெரு. தெருவுக்கு அவங்க டெய்லர் வீட்டம்மா, சொந்தக்காரங்களுக்கு பாப்பா அம்மா. சொந்தப் பேர் ரேஷன் கார்டு, பாஸ்புக் மாதிரி காகிதத்துல மட்டும் இருந்துச்சு. உறவுதான் நம்மை ஆளாக்குதுன்னு பெருமையா பேசுறோம். அது ஆளையே விழுங்கிடவும் செய்யும்னு நான் சொல்றேன்.

பொருநைக்கரையான்:
அக்கா, அம்மாவுக்கு என் அஞ்சலி. ஆனா உங்க முடிவு எனக்கு ஒப்பல. ஒரு ஆள் முதல்ல தனியா இருக்கார், உறவெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்குதுன்னு நினைக்கிறீங்க. யாரோ நம்மைக் கூப்பிட்டு, நாம திரும்பிப் பார்த்த பிறகுதானே 'நான்'னு சொல்லவே கத்துக்கிட்டோம்?

எங்க ஆச்சிக்குக் கடைசி மூணு வருஷம் ஞாபக மறதி. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா யாரையோ கூப்பிடுற மாதிரி சுவரைப் பார்ப்பா. தாத்தாவோட கடைசித் தங்கச்சி வந்து "மதினி"ன்னாங்க. ஆச்சி சட்டுன்னு முந்தானையைச் சரிபண்ணி, "சாப்பிட்டியாட்டீ?"ன்னு கேட்டா. பேர் போயும் மதினி போகல. எது ஒட்டு, எது உயிர்னு நீங்களே சொல்லுங்க. ஒண்ணு கேக்கிறேன், தப்பா நினைக்காதீங்க: டெய்லர் வீட்டம்மான்னு சொன்னதும் பால்காரர் என்ன செஞ்சார்?

கோவில்பட்டிக்காரி:
கேனைக் கீழ வச்சிட்டுத் திண்ணையில உக்காந்து அழுதார். மறைக்க மாட்டேன்.

ஆனா தம்பி, அப்பாவுக்கு ரெண்டும் இருந்துச்சே. வீட்டுக்குள்ள அம்மா அவரைப் பேர் சொல்ல மாட்டாங்க, "பாப்பா அப்பா"தான். வெளியில அவர் டெய்லர். கடை போர்டுல அவர் பேர், பில் புக்கில அவர் கையெழுத்து. காஜா எடுத்து, ஹெம்மிங் பண்ணி, பட்டன் தச்சது முழுக்க அம்மா. அந்த வேலைக்கு ஒரு பேர் வரல. அப்பா போன பிறகு பேங்க்குக்குக் கூட்டிட்டுப் போனேன். கவுண்டர்ல பேரை மூணு தரம் கூப்பிட்டாங்க. அம்மா எந்திரிக்கல. ஆச்சிக்கு நோய். எங்க அம்மாவுக்கு என்ன நோய்?

கிள்ளான்வாசி:
மலேசியாவிலிருந்து எழுதுறேன். இங்கே எங்க அடையாள அட்டையிலயே உறவு அச்சாகி இருக்கும். ஆணுக்கு ஏ/எல், பெண்ணுக்கு ஏ/பி. அதாவது இன்னாரின் மகன், இன்னாரின் மகள். கல்யாணமானாலும் பெண்ணோட பேர் மாறாது. என் மனைவிக்கு இன்னைக்கும் அவங்க அப்பா பேர்தான். தமிழ்நாட்டுல கல்யாணத்துக்கு அப்புறம் இனிஷியலை மாத்திட்டு, சர்டிபிகேட்டுல ஒண்ணு, ஆதார்ல ஒண்ணுன்னு தங்கச்சி அலையுறதைப் பார்க்கிறப்போ எங்க முறை தேவலைன்னு தோணும். ஆனா அதுலயும் அம்மா பேருக்கு இடமில்லை.

பொருநைக்கரையான்:
அக்கா, பேங்க்ல நடந்தது அநியாயம்தான். அது உறவோட குத்தமா, உறவை ஒருபக்கமா எழுதினவங்க குத்தமா? 1929ல செங்கல்பட்டுல நடந்த சுயமரியாதை மாநாட்டுல பேருக்குப் பின்னால இருக்கிற சாதிப் பட்டத்தை விடணும்னு தீர்மானம் போட்டாங்க. அது உறவை அறுக்கல. எந்த உறவால அறியப்படணும்னு நாமே முடிவு பண்ணலாம்னு காட்டுச்சு. அதே மாதிரி அம்மா பேரோட முதல் எழுத்தையும் இனிஷியலா முன்னால போடுவோம். யாருமே இல்லாத வெறும் 'நான்' மட்டும் எனக்கு வேண்டாம். அப்படி ஒண்ணு இருக்கிறதாவும் நான் நம்பல.

கோவில்பட்டிக்காரி:
நானும் அதைக் கேக்கலையே. அம்மா எங்களை விட்டுட்டு வாழ்ந்திருக்கணும்னு எப்ப சொன்னேன்? நாங்க அவங்களுக்குப் பிள்ளைகளா இருந்தோம், அவங்களைத் தெரிஞ்சுக்கல. சின்ன வயசுல என்ன விளையாடினாங்க, அவங்க சிநேகிதி யாருன்னு கேட்டா எங்க மூணு பேருக்கும் பதில் தெரியாது. 'அம்மா'ன்னு கூப்பிட்டதோட எங்க வேலை முடிஞ்சுபோச்சு. உறவு ஆளை உண்டாக்குதுன்னா, எதிர்ல நிக்கிறவங்களை முழுசாப் பார்க்கிற கடமையும் அதுல இருக்கணும்.

பொருநைக்கரையான்:
இதுக்கு என்கிட்ட மறுப்பு இல்ல. ஆச்சி கல்யாணத்துக்கு முந்தி எப்படி இருந்தான்னு நானும் கேட்டதில்ல.

கிள்ளான்வாசி:
அக்கா, இவ்வளவு பேசியும் உங்க அம்மா பேர் என்னன்னு நாங்க யாரும் கேக்கலையே.

கோவில்பட்டிக்காரி:
தங்கபுஷ்பம். பேங்க் சீட்டுல 'புஷ்பம்'னு மட்டும்தான் கையெழுத்துப் போடுவாங்க. முழுப் பேரை எழுதுறதுக்குள்ள பின்னால நிக்கிறவங்களுக்கு நேரமாகும்னு சொல்வாங்க.