எம்.எஸ். நோய்க்கு அக்குபஞ்சர்: மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள், என்ன செய்யலாம்?

குலசேகரம்_பால்வெட்டு:
வணக்கம். குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு எனக்குத் தொழில். மனைவிக்கு 34 வயது. போன வருடம் ஒரு கண் மங்கி, அப்புறம் இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. திருவனந்தபுரத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்றார்கள். அதற்கு டைமெத்தில் ஃபியூமரேட் என்ற மருந்து சாப்பிடுகிறாள். கண் தெளிந்துவிட்டது. ஆனால் ராத்திரியானால் வலது கால் விறைத்து இழுக்கிறது. வீட்டில் தையல் வேலை செய்கிறவள், மெஷினை மிதிக்கிற கால் அது. மத்தியானத்துக்கு மேல் சோர்ந்து படுத்துவிடுகிறாள்.

சித்தி சொல்லி ஒரு அக்குபஞ்சர் ஹீலரைப் பார்த்தோம். ஊசி போடுவாராம், சீன மூலிகைப் பொடியும் தருவாராம். ஆனால் இங்கிலீஷ் மருந்தை நிறுத்தினால்தான் உடம்பு தானே சரியாகும் என்கிறார். மருந்துச் செலவு எங்களுக்குப் பெரிய பாரம். மனைவிக்கும் ஊசியில் நம்பிக்கை வந்துவிட்டது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம்_டீச்சர்:
தம்பி, எனக்கும் இதே நோய்தான். இன்றும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். அக்குபஞ்சரும் எடுக்கிறேன். ஊசிக்குப் போகலாம், மருந்தை நிறுத்தக் கூடாது. நிறுத்தச் சொன்ன ஆளிடம் ஊசிக்கும் போக வேண்டாம்.

நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் உறையைத் தாக்குவதுதான் இந்த நோய். டைமெத்தில் ஃபியூமரேட் இன்றைய கால் இழுப்புக்கான மருந்து இல்லை. அடுத்த தாக்குதல் கண்ணிலோ முதுகுத்தண்டிலோ வருவதைக் குறைக்கக் கொடுப்பது. அதனால் சாப்பிடும்போது பலன் ஒன்றும் தெரியாது. நிறுத்தினாலும் மறுநாளே ஒன்றும் ஆகிவிடாது, ஹீலர் சொன்னது சரிதான் என்று தோன்றும். அதுதான் எனக்குப் பயம்.

ஊசி போட்டால் எனக்குக் கெண்டைக்கால் இறுக்கம் தளரும், அன்றைக்கு ராத்திரி நல்ல தூக்கம் வரும். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஸூ சான் லி என்று ஒரு புள்ளி, உள் கணுக்காலுக்கு மேலே சான் யின் ஜியாவ் என்று ஒன்று. அங்கேதான் எனக்குப் போடுவார்கள். சில நாளில் அந்தத் தளர்வு போய்விடும். என் நடை மாறவில்லை, எம்.ஆர்.ஐ.யும் மாறவில்லை. அமெரிக்க நரம்பியல் அகாடமி 2014-ல் எம்.எஸ்.ஸுக்கான மாற்று சிகிச்சைகளை அலசி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அக்குபஞ்சருக்கும் சீன மருந்துக்கும் போதிய சான்று இல்லை என்றுதான் அதில் இருக்கிறது. ஆனாலும் அந்தத் தூக்கத்துக்காக நான் காசு கொடுக்கிறேன்.

போனால் ஊசி பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். நெஞ்சிலும் தோளிலும் ஆழமாகக் குத்தவே விடாதீர்கள், நுரையீரலில் பட்டுவிடலாம். மாசிபத்திரி இனத்துச் செடியைக் கொளுத்திச் சூடு காட்டும் மோக்ஸாவும் உண்டு, அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மரத்த கால் சுடுவது தெரியாது, கொப்பளித்த பிறகுதான் பார்ப்பீர்கள். உடம்பு சூடானாலே நமக்கு நரம்பு மந்தமாகும். சித்திரை வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எனக்குக் கண்ணே மங்கும், நிழலில் உட்கார்ந்தால் தெளியும்.

பறளியாறு:
நம்ம ஊரிலேயே வர்ம ஆசான்மார் இருக்கும்போது சீன ஊசி எதுக்கு? எங்க அப்பாவுக்கு முதுகு பிடித்தபோது ஆசான் கிழி வைத்துத் தடவிதான் எழுந்து நடந்தார்.

மார்த்தாண்டம்_டீச்சர்:
@பறளியாறு அண்ணா, சுளுக்குக்கும் பிடிப்புக்கும் நானும் ஆசானிடம்தான் போவேன். இது மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கிற காயம். போவதென்றால் நோயின் பெயரையும், கால் மரத்திருப்பதையும் முதலிலேயே ஆசானிடம் சொல்ல வேண்டும். கொதிக்கிற கிழி வேண்டவே வேண்டாம்.

தக்கலை_மருந்துக்கடை:
பொடியைப் பற்றி நான் சொல்கிறேன். சீன மூலிகைகளில் எதிர்ப்பு சக்தியைத் தூண்டுவதும் உண்டு, அடக்குவதும் உண்டு. லெய் கோங் தெங் என்ற வேர் எதிர்ப்பு சக்தியை அடக்கும், கல்லீரலையும் கெடுக்கும். உங்கள் வீட்டம்மா சாப்பிடுகிற மருந்துக்கே வெள்ளணு எண்ணிக்கையும் கல்லீரலும் அவ்வப்போது ரத்தத்தில் பார்க்க வேண்டும். பெயரில்லாத பொடியும் உள்ளே போனால் எது கெடுத்தது என்று டாக்டராலும் கண்டுபிடிக்க முடியாது.

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த சீன மூலிகையில், பெயர் ஒத்த வேறொரு வேர் மாறிக் கலந்து பல பெண்களுக்குச் சிறுநீரகமே போய்விட்டது. நம்மூர் ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி எல்லாம் அந்த வேரின் இனம்தான்.

சீன மருந்தே விஷம் என்று சொல்லவில்லை. எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கிற ஃபிங்கோலிமோட், சீன மருத்துவத்தில் பயன்பட்ட ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்த பொருளை ஜப்பானியர்கள் மாற்றியமைத்து உருவாக்கியது. 2010-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அளந்து செய்த அந்த மருந்துக்கே முதல் வேளை கொடுத்துவிட்டு 6 மணி நேரம் நாடித்துடிப்பைப் பார்க்கிறார்கள். பொட்டலத்தில் வரும் பொடிக்கு யார் பார்ப்பார்கள்?

குலசேகரம்_பால்வெட்டு:
அக்கா, அண்ணன்மாரே, நன்றி. பொடி வேண்டாம் என்று சித்தியிடம் சொல்லிவிட்டேன். ஒரு சந்தேகம் அக்கா. இந்த வாரம் இழுப்பு திடீரென்று கூடிவிட்டது. இப்போது ஊசி போட்டால் குறையுமா?

மார்த்தாண்டம்_டீச்சர்:
ஊசி இருக்கட்டும் தம்பி, முதலில் யூரின் டெஸ்ட் எடுங்கள். சிறுநீரில் கிருமி இருந்தால் எம்.எஸ். காரர்களுக்குக் கால் விறைப்பு சட்டென்று கூடும். எரிச்சல், காய்ச்சல் இல்லாமலும் அப்படி வரலாம். சிறுநீர் சரியாக இருந்து, புதிய மரப்போ பலவீனமோ ஒரு நாளைத் தாண்டி நின்றால் ரிலாப்ஸாக, அதாவது நோயின் புதிய தாக்குதலாக இருக்கலாம். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை பொறுக்காமல் நரம்பு டாக்டரைக் கூப்பிடுங்கள். ராத்திரி இழுப்புக்கு, விறைப்பைத் தளர்த்தும் பேக்லோஃபென் மருந்து கொடுக்கலாமா என்றும் கேளுங்கள், கேட்டால்தான் எழுதுவார்கள். தையல் மெஷினுக்கு ஒரு மோட்டார் மாட்டுங்கள், இடது காலாலேயே அழுத்தித் தைக்கலாம்.

செலவு பாரம் என்றீர்களே, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எம்.எஸ்.ஸும் சேர்ந்திருக்கிறது. டாக்டர் குறிப்பு, எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் இரண்டையும் எடுத்துக்கொண்டு நாகர்கோவிலில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விசாரியுங்கள். யூரின் ரிசல்ட் வந்ததும் இங்கே எழுதுங்கள்.