வீடு மாறுகிறேன், 24 மாத ஃபைபர் ஒப்பந்தத்தை எப்படி முடிப்பது?

வெருலம்வாசி | வெள்ளி, நவம்பர் 28, மாலை 5.10

வணக்கம். டர்பன் பக்கம் வெருலத்தில் வாடகை வீடு. ஜோகன்னஸ்பர்க்கில் வேலை கிடைத்துவிட்டது, டிசம்பர் 20 காலி செய்கிறோம். பிப்ரவரி கடைசியில் 24 மாத ஒப்பந்தத்தில் ஃபைபர் போட்டேன், மாதம் 799 ராண்ட். ரௌட்டரும் இணைப்புக் கட்டணமும் இலவசம் என்று சொன்னதால்தான் கையெழுத்தே போட்டேன்.

இன்று போன் செய்தேன். முக்கால் மணி நேரம் பாட்டு கேட்ட பிறகு ஒருவர் எடுத்து, "மீதி 15 மாதம் இருக்கிறது, 11,985 ராண்ட் கட்டினால் மூடிவிடலாம்" என்றார். அவ்வளவும் கட்டித்தான் ஆக வேண்டுமா? மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் டெபிட் ஆர்டரை பேங்கில் நிறுத்திவிட்டுப் போய்விடு என்கிறான் நண்பன். இன்னொன்று, சுவரில் இரண்டு பெட்டி இருக்கிறது. எதைக் கழற்றி எடுத்துப் போகலாம்?

கேபிள்காரன் | மாலை 5.42

பெட்டி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வெளியிலிருந்து வரும் மெல்லிய ஒயர் போய்ச் சேரும் சின்னப் பெட்டி ஓஎன்டி. அது தெருவில் கேபிள் புதைத்த கம்பெனியின் சொத்து, வீட்டோடு இருக்க வேண்டியது. அதன் அடாப்டரையும் சேர்த்து விட்டுவிட்டு வாருங்கள். வைஃபை கொடுக்கும் ரௌட்டர் வேறு. அது உங்களுடையதா, திருப்பித் தர வேண்டியதா என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். மூட்டை கட்டும் அவசரத்தில் ஓஎன்டியையும் பெட்டியில் போட்டு ஏற்றிவிட்டு, பிறகு அதற்குத் தனியாகப் பில் வாங்கியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இங்கே கேபிள் ஒருவருடையது, அதன் மேல் இன்டர்நெட் விற்பவர் இன்னொருவர். நீங்கள் மாதாமாதம் பணம் கட்டுவது இரண்டாவது ஆளுக்கு. அதனால் போகிற இடத்தில் எந்தக் கேபிள் என்று பாருங்கள். உங்கள் கம்பெனி அதிலும் விற்றால் ரத்து செய்யவே வேண்டாம், இணைப்பை மாற்றிக் கேட்கலாம். ஆனால் டிசம்பர் பாதிக்கு மேல் கான்ட்ராக்ட் ஆட்களெல்லாம் லீவில் போய்விடுவார்கள். புதிதாகச் சுவரில் துளை போட வேண்டிய வீடு என்றால் ஜனவரிதான்.

வெருலம்வாசி | மாலை 5.58

நன்றி அண்ணா. போகிற இடம் ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் ஒரு காம்ப்ளெக்ஸ். அங்கே ஒரே ஒரு கேபிள்தான் உள்ளே வருகிறதாம். இப்போதுதான் பார்த்தேன், அதில் விற்பவர்கள் பட்டியலில் என் கம்பெனி இல்லை. அப்போ ரத்துதான்.

சாட்ஸ்வர்த் அக்கா | மாலை 6.20

தம்பி, அந்த 11,985-ஐ மறந்துவிடுங்கள். என் தமிழ் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துத் தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சட்டம் எனக்குத் தெரியும், அலுவலகத்தில் இதே வேலைதான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008-இன் 68-ஆம் எண். அதில் 14-ஆவது பிரிவு. தனி மனிதர் ஒருவர் காலக்கெடு வைத்துப் போட்ட ஒப்பந்தத்தை, காரணம் சொல்லாமலே, 20 வேலை நாள் நோட்டீஸ் கொடுத்து முடிக்கலாம். நோட்டீஸ் எழுத்தில் இருக்க வேண்டும், அல்லது வேறு விதத்தில் பதிவாகி இருக்க வேண்டும். அதுவரையிலான பாக்கியை நீங்கள் கட்ட வேண்டும். அதற்கு மேல் அவர்கள் ஒரு "நியாயமான" ரத்துக் கட்டணம் கேட்கலாம். இலவசமாகக் கொடுத்த ரௌட்டர், இணைப்புச் செலவு, 24 மாதம் இருப்பீர்கள் என்று நம்பிக் கொடுத்த தள்ளுபடி, இவற்றுக்குத்தான் அந்தக் கட்டணம்.

எது நியாயம் என்பதற்குச் சட்டத்தின் விதிகளில் 5-ஆவது விதி இருக்கிறது. எவ்வளவு நாள் முன்னால் சொன்னீர்கள், பொருள் யாரிடம் இருக்கிறது, உங்கள் இடத்துக்கு வேறு வாடிக்கையாளர் கிடைக்க வாய்ப்பு உண்டா என்றெல்லாம் பார்க்க வேண்டும். ரத்து செய்யும் உரிமையையே இல்லாமல் ஆக்கும் அளவுக்குக் கட்டணம் போடக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. மீதி 15 மாதத்தையும் முழுசாகக் கேட்டால் அப்புறம் ரத்து செய்து என்ன பயன்? அதைத்தான் நீங்கள் எழுத வேண்டும்.

டெபிட் ஆர்டரை மட்டும் நிறுத்தாதீர்கள். அது ரத்து ஆகாது, பாக்கி ஆகும். பாக்கி கிரெடிட் பீரோவில் ஏறும். லெனேசியாவில் அடுத்த வீடு கேட்கும்போதோ கார் லோன் கேட்கும்போதோ அது முன்னால் வந்து நிற்கும்.

வெருலம்வாசி | மாலை 6.31

அக்கா, கோடி நன்றி. திங்கட்கிழமை உட்கார்ந்து நல்லபடியாக ஒரு கடிதம் எழுதி அனுப்புகிறேன்.

லெனேசியா கணக்கர் | மாலை 6.50

திங்கள் வேண்டாம், இன்றைக்கே அனுப்புங்கள். எண்ணிப் பாருங்கள். நோட்டீஸ் கொடுத்த நாளைச் சேர்க்கக் கூடாது. சனி, ஞாயிறு, அரசு விடுமுறை கழிய வேண்டும். டிசம்பரில் 16, 25, 26 மூன்றும் போகும். இன்று அனுப்பினால் டிசம்பர் 1 முதல் நாள், இருபதாவது நாள் சரியாக டிசம்பர் 31. திங்கள் அனுப்பினால் ஜனவரி 1 விடுமுறையும் குறுக்கே வந்து, ஜனவரி 2-இல் போய் முடியும். இரண்டு நாளுக்காக முழு ஜனவரி மாதத்தையும் டெபிட்டில் இழுப்பார்கள், பிறகு அதைத் திருப்பி வாங்க நீங்கள் அலைய வேண்டும்.

கடிதம் அழகாக இருக்க வேண்டியதில்லை. பெயர், கணக்கு எண், முகவரி, "14-ஆவது பிரிவின்படி 20 வேலை நாள் நோட்டீஸ், கடைசி நாள் டிசம்பர் 31", "ரத்துக் கட்டணத்தை வகை வகையாகப் பிரித்து எழுத்தில் அனுப்பவும்". அவ்வளவுதான். அவர்கள் வலைத்தளத்தில் ரத்து செய்யும் பட்டன் இருந்தால் அதையும் அழுத்தி, படம் பிடித்து வையுங்கள்.

இன்று ப்ளாக் ஃப்ரைடே வேறு. புது வீட்டுக்கு என்று ஏதாவது 24 மாத ஆஃபரைப் பார்த்து மறுபடி மயங்கிவிடாதீர்கள்! மாதாமாதம் என்று விற்பதிலும் ஒரு கொக்கி உண்டு. குறிப்பிட்ட மாதங்களுக்குள் போனால் இணைப்புச் செலவைத் திருப்பிக் கேட்பார்கள். எத்தனை மாதம், எவ்வளவு தொகை என்று முதலிலேயே பாருங்கள்.

டொங்காட் கடைக்காரர் | இரவு 8.05

குறுக்கே ஒரு கேள்வி. என் கடையின் ஃபைபர் இணைப்பு என் பெயரில் இல்லை, நான் பதிந்த கம்பெனியின் பெயரில் இருக்கிறது. எனக்கும் இந்த 20 நாள் உண்டா?

சாட்ஸ்வர்த் அக்கா | இரவு 8.22

இல்லை அண்ணா. இரண்டு பக்கமும் நிறுவனம் என்றால் 14-ஆவது பிரிவு பொருந்தாது. ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். கம்பெனி பதியாமல் உங்கள் சொந்தப் பெயரிலேயே நடத்தும் கடை என்றால் கதை வேறு.

வெருலம்வாசி | இரவு 9.14

அனுப்பிவிட்டேன். பட்டனும் அழுத்தியாகிவிட்டது. தானாக வரும் பதிலில் நேரமும் எண்ணும் இருக்கிறது.

வெருலம்வாசி | டிசம்பர் 9

பதில் வந்தது. மறுபடி அதே 11,985, பிரித்துக் காட்டவில்லை. தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ஐகாசாவுக்குப் போகவா?

லெனேசியா கணக்கர் | டிசம்பர் 9

போகலாம், ஆனால் முதலில் அவர்களிடமே "புகார்" என்று தலைப்புப் போட்டு எழுதி, புகார் எண் வாங்குங்கள். கம்பெனிக்கு வாய்ப்பு கொடுத்தீர்களா என்றுதான் ஐகாசாவில் முதலில் கேட்பார்கள். கம்பெனி இன்டர்நெட் சேவையாளர் சங்கமான இஸ்பாவில் உறுப்பினரா என்றும் பாருங்கள். உறுப்பினர்களுக்கு நடத்தை விதிகள் உண்டு, அங்கேயும் புகார் கொடுக்கலாம். 5-ஆவது விதியைக் கடிதத்தில் பெயர் சொல்லி எழுதுங்கள். அடுத்து குடி வருபவருக்கும் ஃபைபர் வேண்டுமென்றால் அதையும் எழுதுங்கள். அதே ஒயரில் அவர்களுக்கு வேறு வாடிக்கையாளர் தயாராக இருக்கிறார் என்று அர்த்தம்.

வெருலம்வாசி | ஜனவரி 8

லெனேசியாவிலிருந்து எழுதுகிறேன். ஜோகன்னஸ்பர்க் ஊரே டர்பன் கடலுக்கு இறங்கி வரும் நாளில் நாங்கள் என்3 சாலையில் எதிர்ப்பக்கமாக ஏறி வந்தோம், எங்கள் பக்கம் காலியாக இருந்தது.

புகார் எண் வாங்கிய நாலாவது நாள் வேறு ஒருவர் பேசினார். ரௌட்டர் பாக்கியும் இணைப்புச் செலவில் மீதியும் சேர்த்து 2,310 ராண்ட். எழுத்தில் கேட்டேன், வந்தது, கட்டினேன். இலவசம் என்று சொன்னதற்குக் காசு கொடுப்பது கொஞ்சம் எரிச்சல்தான், ஆனாலும் கணக்கு புரிகிறது. ஜனவரியில் எதுவும் இழுக்கவில்லை.

ஒரு சிக்கல். வெருலம் வீட்டுக்கு வந்தவர் புது இணைப்பு கேட்டால், "அந்த ஒயர் இன்னும் பழைய ஆள் பெயரில் இருக்கிறது" என்கிறார்களாம்.

கேபிள்காரன் | ஜனவரி 8

இது அடிக்கடி நடப்பது. இன்டர்நெட் விற்றவர் கேபிள் புதைத்த கம்பெனியிடம் ஒயரை விடுவிக்கச் சொல்ல வேண்டும். கணக்கை மூடிவிட்டு இதை மறந்துவிடுவார்கள். உங்கள் ரத்துக் கடிதத்தையும், ஓஎன்டியின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணையும் புதியவர் தன் கம்பெனிக்கு அனுப்பட்டும். அவர்கள் வழியாகக் கேபிள் கம்பெனிக்குப் போனால் நகரும். நீங்களும் பழைய கம்பெனிக்கு ஒரு வரி எழுதுங்கள்.

வெருலம்வாசி | ஜனவரி 13

ஒயர் விடுபட்டுவிட்டது அண்ணா, அவருக்கு நேற்று லைன் வந்ததாம். ஓஎன்டி பத்திரமாகச் சுவரிலேயே இருக்கிறது. மின்வெட்டுக்காக நான் காசு போட்டு வாங்கி, அதன் கீழே வைத்திருந்த குட்டி யுபிஎஸ்ஸும் அங்கேயேதான் இருக்கிறது.