ஆங்கிலத்தில் யோசனை சொல்லப்போய்: உங்கள் அனுபவம் என்ன?

கூடுகட்டி:
ஆங்கிலத்தில் நல்லெண்ணத்தோடு யோசனை சொல்லப்போய் அது அதிகாரமாகக் காதில் விழுந்த கதை பலரிடம் இருக்கும். யாரோ பட்டும் படாமலும் சொன்னது கடைசியில் உத்தரவாக இருந்த கதையும் இருக்கும். இரண்டையும் பகிருங்கள். முதலில் நான் பார்த்தது.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையனின் அறிக்கையைப் பார்த்துவிட்டு வெளிநாட்டு மேலாளர், "யூ மைட் வான்ட் டு செக் தி நம்பர்ஸ் ஆன் பேஜ் த்ரீ" என்று எழுதியிருந்தார். 'மைட்' இருக்கிறது, 'வான்ட்' இருக்கிறது, அப்போது இஷ்டம் இருந்தால் பார்க்கலாம் போல என்று நினைத்து அவன் அப்படியே வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டான். அன்று மாலை மேலாளரிடமிருந்து வந்த மெயிலில் 'மைட்' எதுவும் இல்லை. மூன்றாம் பக்கத்தில் கூட்டல் தப்பு என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. மேலே இருப்பவர் வாயிலிருந்து இந்த வாக்கியம் வந்தால் 'சரிபண்ணிவிட்டு அனுப்பு' என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வகுப்பறைவாசி:
நான் பேச்சு ஆங்கிலம் நடத்துகிறேன். அடிக்கடி பார்ப்பது 'யூ ஹேட் பெட்டர்'. அதில் 'பெட்டர்' இருப்பதால் 'செய்தால் நல்லது' என்கிற பணிவான பேச்சு என்று மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருநாள் வகுப்புக்கு விருந்தினராக வந்த பெரியவர் நின்றுகொண்டே இருந்தார். ஒரு மாணவி நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தி, முகம் நிறைய சிரிப்போடு, "சார், யூ ஹேட் பெட்டர் சிட் டவுன்" என்றாள். அவர் ஒரு கணம் அவளையே பார்த்தார். அப்புறம் "ஆம் ஐ இன் ட்ரபிள்?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். வகுப்பே சிரித்தது, பாவம் அவளுக்கு மட்டும் ஏன் என்று புரியவில்லை. அந்தச் சொற்களுக்குப் பின்னால் 'இல்லாவிட்டால் பார்' என்று ஓர் எச்சரிக்கை தொங்கிக்கொண்டிருக்கும். மழை வரப்போகிறது, கிளம்பிவிடு என்று நண்பனை விரட்டுவதற்குச் சரி. பெரியவருக்கு "வுட் யூ லைக் டு சிட் டவுன்?" போதும்.

இதன் வேர் நம் மொழியில் இருக்கிறது என்பது என் எண்ணம். தமிழில் மரியாதையை வினையின் வாலிலேயே கட்டிவிடுகிறோம்: 'பாருங்கள்', இன்னும் குழைவாக 'பாருங்களேன்', 'கேட்டுப் பார்க்கலாமே'. ஆங்கில வினைக்கு அந்த வால் கிடையாது. மனசில் 'பாருங்கள்' என்று நினைத்து 'லுக் அட் திஸ்' என்று சொன்னால், 'ங்கள்' வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. உடனே 'ப்ளீஸ்' சேர்க்கிறோம். அது கோரிக்கைக்குப் பொருந்தும். யோசனைக்குச் சேர்த்தால் அறிவிப்புப் பலகை வாசகம் மாதிரி ஆகிவிடும். மரியாதையைக் கேள்வியிலோ 'குட்'டிலோ வைக்க வேண்டும்: "ஹேவ் யூ ட்ரைட் ஆஸ்கிங் ஹர்?", "யூ குட் ஆஸ்க் ஹர்". நம் 'கேட்கலாமே'க்கு இந்தக் 'குட்'தான் பக்கத்தில் வரும்.

கோட்கிறுக்கன்:
எங்கள் மென்பொருள் துறையில் பாதி வேலையே அடுத்தவர் எழுதிய நிரலுக்கு யோசனை சொல்வதுதான். "ஒய் டிட் யூ டூ இட் லைக் திஸ்?" என்று எழுதினால் கேள்விக்குறி இருந்தும் பிரயோஜனமில்லை, எதிராளிக்குக் குற்றப்பத்திரிகைதான். அந்த 'யூ'வை எடுத்துவிட்டு "வாட் இஃப் வீ மூவ் திஸ் டு எ செபரேட் ஃபங்ஷன்?" என்று போட்டால் சண்டை பாதி குறைகிறது.

கூகிள் பொதுவில் வைத்திருக்கும் கோட் ரிவ்யூ (அடுத்தவர் நிரலைப் படித்துக் கருத்துச் சொல்வது) வழிகாட்டியில் ஒரு நல்ல வழி இருக்கிறது. கருத்தின் கனத்தை முன்னாலேயே ஒட்டிவிட வேண்டும். 'நிட்' என்றால் சில்லறை விஷயம். 'ஆப்ஷனல்' அல்லது 'கன்சிடர்' என்றால் யோசித்துப் பார், கட்டாயமில்லை. 'எஃப்.ஒய்.ஐ.' என்றால் சும்மா தகவலுக்கு. எங்கள் குழுவிலும் கொண்டுவந்தோம். ஒரு சீனியருக்கு இது ரொம்பப் பிடித்துப்போய் எல்லாவற்றுக்கும் 'நிட்' போட ஆரம்பித்தார். உச்சம் இது: "நிட்: திஸ் டிலீட்ஸ் தி கஸ்டமர் டேபிள்." அழியப்போவது வாடிக்கையாளர் விவரம் முழுவதும்!

இரவுப்பணி:
எல்லோரும் குழைவையே பாராட்டுகிறீர்கள். செவிலியராக இருப்பதால் எனக்கு வேறு பயம். அறுவைக்கு முந்தின நாள் ஒரு நோயாளியிடம் புதிதாக வந்தவர் "யூ மே வான்ட் டு அவாய்ட் ஃபுட்" என்று நயமாகச் சொன்னார். நோயாளி காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தார். அறுவை தள்ளிப்போனது. அங்கே "ப்ளீஸ் டோன்ட் ஈட் எனிதிங் ஆஃப்டர் மிட்நைட்" என்று நேராகச் சொல்லி, காரணத்தையும் சொல்லிவிட வேண்டும்.

1982 ஜனவரி 13, வாஷிங்டன், கொட்டும் பனி. ஏர் ஃப்ளோரிடா 90 விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கும்போதே இன்ஜின் அளவுமானி காட்டுவது பொருந்தவில்லை என்று துணை விமானி கவனித்துவிட்டார். 'இது சரியாகப் படவில்லையே' என்ற ரீதியில் சொன்னாரே தவிர, 'நிறுத்துங்கள்' என்று சொல்லவில்லை. கேப்டனும் நிறுத்தவில்லை. விமானம் பாலத்தில் மோதி போடோமாக் ஆற்றில் விழுந்தது. பாலத்தில் இருந்தவர்களையும் சேர்த்து 78 பேர் இறந்தார்கள். ஆகவே, எங்கே குழைவது என்பதையும் வகுப்பில் நடத்துங்கள், வகுப்பறைவாசி.

வகுப்பறைவாசி:
ஒத்துக்கொள்கிறேன். ஆபத்து இருக்கும் இடத்தில் 'மைட்'டுக்கு வேலையில்லை.

மழைக்குருவி:
'யூ ஷுட் ஹேவ்' பற்றி யாரும் சொல்லவில்லையே? நேர்காணலில் தோற்ற தோழிக்கு ஒருத்தி "யூ ஷுட் ஹேவ் ப்ரிப்பேர்ட் மோர்" என்று அனுப்பினாள். முடிந்துபோனதற்கு என்ன யோசனை? அது சொல்லிக்காட்டல். இன்னொருத்தி "நெக்ஸ்ட் டைம் இட் மைட் ஹெல்ப் டு டூ எ மாக் இன்டர்வியூ, ஐ கேன் சிட் வித் யூ" என்றாள். தோழி யாரைக் கூப்பிட்டிருப்பாள் என்று சொல்ல வேண்டியதில்லை.

புதுவரவு:
ஒரு சந்தேகம். எங்கள் அதிகாரி எல்லா மெயிலிலும் "ஐ சஜெஸ்ட் யூ டு செக்" என்று எழுதுகிறார். சரியா?

வகுப்பறைவாசி:
'டு' வராது. "ஐ சஜெஸ்ட் யூ செக்" அல்லது "ஐ சஜெஸ்ட் செக்கிங்". 'டு' வேண்டுமென்றால் "ஐ அட்வைஸ் யூ டு செக்", ஆனால் அது வக்கீல், டாக்டர் தொனி.

புதுவரவு:
நன்றி மேடம். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

கோட்கிறுக்கன்:
நிட் போட்டு அனுப்புங்கள்.