ராசாத்தி அத்தைக்கு என்ன ஆச்சு? (வேலு தாத்தா குடும்பக் குழு)

கௌரி: அம்மாவைக் கிளங்கன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். 1990க்கு அடித்தோம், அம்புலன்ஸ் வண்டி வந்தது. தனித்தனியாகக் கோல் எடுக்காதீர்கள், இங்கேயே சொல்கிறேன்.

செல்வி: ஐயோ அக்காவுக்கு என்ன

செல்வி: நேற்றுத்தானே பேசினேன்

கௌரி: புயலுக்குப் பிறகு நாங்கள் தங்கியிருக்கும் பள்ளிக்கூடத்திலேயே காய்ச்சல், வாந்தி. காலையில் பாயிலிருந்து எழுந்தார், அப்படியே விழுந்துவிட்டார். பிரஷர் ரொம்ப இறங்கிவிட்டதாம். சேலைன் ஏறுகிறது. இப்போது கண் திறந்து பேசுகிறார்.

ராஜன் (கட்டார்): அம்மாவிடம் போனைக் கொடு

கௌரி: கொடுக்கமாட்டேன் அண்ணா. நீ அழுவாய், அதைப் பார்த்து அம்மாவும் அழுவார்.

ஆசிரியர்: மோடி 2017இல் வந்து திறந்தாரே, அந்தப் புதுக் கட்டடமா?

கௌரி: ஆமாம் மாமா

சுதாகர்: இது கவலையால் வந்தது. டித்வா புயலுக்குப் பிறகு அத்தை தூங்கவே இல்லை. இதைப் படியுங்கள்.

சுதாகர்: (பலமுறை பகிரப்பட்டது) கவலை அதிகமானால் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி களைத்துவிடும்! இதுதான் அட்ரீனல் களைப்பு. தினமும் காலை மாலை அதிமதுரக் கசாயம் குடித்தால் சுரப்பி புத்துயிர் பெறும். உங்கள் உறவுகளுக்கும் அனுப்புங்கள்.

செல்வி: 🙏 அதிமதுரம் வீட்டில் இருக்கிறது. எனக்கும் தூக்கம் இல்லை, நானும் குடிக்கலாமா

தர்ஷினி: செல்வி அத்தை, தொடாதீர்கள். உங்களுக்கு ஏற்கனவே பிரஷர். அதிமதுரம் பிரஷரை ஏற்றும், இரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும். டியூட்டி முடிகிறது, வந்து எழுதுகிறேன்.

செல்வி: சரி சரி

செல்வி: ராஜன் கட்டார் போனதிலிருந்தே அக்காவுக்குக் கவலைதான்

ராஜன் (கட்டார்): நான் ஆசைப்பட்டா போனேன் சித்தி? யாருக்காக வாங்கிய கடன் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆசிரியர்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முருகேசு: லயத்து வீட்டுக்குள் போய்ச் சாமான் எடுக்க விடுகிறார்கள் இல்லை. மண்சரிவுச் சிவப்பு எச்சரிக்கையை இன்னும் எடுக்கவில்லை. அவள் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆசிரியர்: போகவே வேண்டாம் மச்சான். மீரியபெத்தை மண்சரிவை மறக்கவேண்டாம். 2014 ஒக்டோபர் 29. அங்கேயும் முன்பே எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள்.

செல்வி: கௌரி, மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லியாச்சா? பரிசம் தையில்தானே

கௌரி: சித்தி இப்போது அதுவா முக்கியம்

ஆசிரியர்: சொந்தத்தில் முடித்திருந்தால் தள்ளிவைப்பது ஒரு பேச்சே இல்லை.

செல்வி: அண்ணே

சுதாகர்: அப்பா விடுங்கள். அது முடிந்துபோன கதை.

தர்ஷினி: கௌரி, அத்தை மூட்டுவலிக்கு என்ன மாத்திரை போடுகிறார்?

கௌரி: பெயர் தெரியாது மதினி. அப்பா டவுனிலிருந்து வாங்கி வருவார். கடையில் காகித உறையில் போட்டுத் தருவார்கள். சின்ன வெள்ளை மாத்திரை.

முருகேசு: அந்த மாத்திரை இல்லாவிட்டால் அவளால் மலை ஏறிக் கொழுந்து எடுத்திருக்க முடியாது. கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அரைநாள் சம்பளம்தான் போடுவார்கள். டிஸ்பென்சரியில் பனடோல் தவிர வேறென்ன கிடைத்தது?

தர்ஷினி: உங்களைக் குறை சொல்லவில்லை மாமா. எவ்வளவு காலமாகப் போடுகிறார்?

கௌரி: அண்ணா கட்டார் போன வருசத்திலிருந்து

தர்ஷினி: கடைசியாக எப்போது?

கௌரி: புயல் ராத்திரி உடுத்த உடுப்போடு லயத்தை விட்டு ஓடி வந்தோம். மாத்திரை அங்கேயே கிடக்கிறது. அதற்குப் பிறகு போடவே இல்லை.

தர்ஷினி: இதை உடனே வார்டில் சொல். நீண்ட காலம் போட்டது ஸ்டீரொய்ட் மாத்திரையாக இருக்கலாம், திடீரென்று நின்றுவிட்டது என்று சொல். சிங்களத்தில் சொல்லக் கஷ்டமாக இருந்தால் எனக்குக் கோல் எடுத்துப் போனை அவர்களிடம் கொடு.

கௌரி: சரி போகிறேன்

செல்வி: ஸ்டீரொய்டா??

சுதாகர்: அது ஜிம் போகிறவர்கள் போடுவதுதானே

தர்ஷினி: அது வேறு வகை அண்ணா. எல்லோரும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், முடிவு வார்ட் டொக்டர்தான் சொல்லவேண்டும்.

தர்ஷினி: இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி மாதிரி ஆளுக்கொரு அட்ரீனல் சுரப்பி இருக்கிறது. ஒவ்வொன்றும் 4, 5 கிராம்தான் இருக்கும். அதன் உள்பகுதி அட்ரினலின் தரும். மண் சரியும் சத்தம் கேட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்து, கால் தானாக ஓடியதே, அது அட்ரினலினின் வேலை. வெளிப்பகுதி கோர்ட்டிசோல் தரும். இது நின்று வேலை செய்வது. பிரஷரை விழவிடாது, சாப்பிடாமல் கிடந்தாலும் இரத்தத்தில் சீனியை இறங்கவிடாது, காய்ச்சலை உடம்பு தாங்கச் செய்யும். விடியற்காலையில் கூடும், நள்ளிரவில் குறையும். எவ்வளவு சுரக்கவேண்டும் என்று மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி கட்டளை அனுப்பும்.

தர்ஷினி: பிரெட்னிசொலோன் போன்ற மாத்திரை கோர்ட்டிசோல் செய்யும் வேலையைச் செய்யும். ஆஸ்துமாவுக்கும் வாதத்துக்கும் டொக்டர்மாரே கொடுக்கிறார்கள், கெட்ட மருந்து இல்லை. ஆனால் தினமும் வெளியிலிருந்து வந்தால் பிட்யூட்டரி கட்டளையை நிறுத்திவிடும். சில வாரம் தொடர்ந்தாலே சுரப்பி ஒடுங்கத் தொடங்கலாம். அத்தைக்கு வருசக் கணக்கு. மாத்திரையும் நின்று, குளிர், பயம், காய்ச்சல் எல்லாம் ஒன்றாக வந்தபோது நம் எல்லோருக்கும் கூடின கோர்ட்டிசோல் அவருக்கு மட்டும் கூடவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதே பள்ளிக்கூடத்தில், அதே பாயில் படுத்த மற்றவர்கள் எழுந்து நடமாட, அத்தை மட்டும் விழுந்தது அதனால்தான் இருக்கும். மனத்தைரியம் இல்லாதவர் என்று யாரும் சொல்லவேண்டாம்.

செல்வி: அக்கா முகம் கூட உருண்டு வந்ததே. சம்பந்தி வீட்டில் நல்ல போஷாக்கு என்றார்கள்.

தர்ஷினி: அதுவும் இந்த மாத்திரையின் அடையாளம்தான் அத்தை. முகம் உருளும், வயிறு வைக்கும், தோல் மெலிந்து இலேசாகக் கன்றிப்போகும்.

ஆசிரியர்: அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கும் இந்தச் சுரப்பிக் குறைதான். மருந்து எடுத்துக்கொண்டேதான் ஆட்சி செய்தார்.

சுதாகர்: அப்பா தொடங்கிவிட்டார்

தர்ஷினி: பெரியப்பா சொல்வது சரி. அவருக்கு அடிசன் நோய். தோமஸ் அடிசன் 1855இல் எழுதிவைத்தது. அதில் சுரப்பியே பழுதாகிவிடும். அத்தையுடைய சுரப்பி பழுதாகவில்லை, தூங்குகிறது. மெதுவாக எழுப்பலாம், மாதக் கணக்கு ஆகும்.

சுதாகர்: அப்போ நான் அனுப்பியது பொய்யா?

தர்ஷினி: அட்ரீனல் களைப்பு என்று ஒரு நோயை மருத்துவம் ஏற்கவில்லை அண்ணா. பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் இருவர் 58 ஆய்வுகளை அலசி, ஆதாரம் இல்லை என்று 2016இல் எழுதினார்கள். கவலைப்பட்டுப் பட்டுச் சுரப்பி தீர்ந்துபோவதில்லை. ஆனால் கவலை சும்மா விடுவதும் இல்லை. மாதக் கணக்கில் ஓயாமல் தூண்டப்பட்டால் பிரஷர் ஏறும், சீனி ஏறும், தூக்கம் கெடும், தொற்றை எதிர்க்கும் சக்தி குறையும். செல்வி அத்தை தூங்காமல் கிடப்பதற்குக் கசாயம் வேண்டாம், கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு போய்ப் பிரஷரைப் பாருங்கள். போன மாதம் போனீர்களா?

செல்வி: ரோடு சரியில்லை பிள்ளை

தர்ஷினி: அதற்கு முந்தின மாதம்?

செல்வி: 🙏

கௌரி: சொல்லிவிட்டேன். டொக்டர் நம்பவில்லையோ என்று பயந்தேன், ஆனால் உடனே இரத்தம் எடுத்து ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசி 100 மில்லிகிராம் போட்டார். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரஷர் ஏறுகிறது.

தர்ஷினி: அப்பாடா

ராஜன் (கட்டார்): தர்ஷினி நன்றி. இங்கே எனக்குக் கை நடுங்குகிறது.

ஆசிரியர்: ராஜன், நீ சாப்பிட்டாயா?

ராஜன் (கட்டார்): இல்லை மாமா

ஆசிரியர்: முதலில் சாப்பிடு.

கௌரி: ஒரு பிரச்சினை. அந்த மாத்திரை உறையைக் கொண்டுவரச் சொல்கிறார்கள்.

முருகேசு: விடிந்ததும் நான் போய் எடுத்து வருகிறேன்

சுதாகர்: மாமா வேண்டாம்

செல்வி: அத்தான் தடைக் கோட்டைத் தாண்டாதீர்கள்

ராஜன் (கட்டார்): அப்பா!!

தர்ஷினி: லயத்துக்குப் போகவேண்டாம் மாமா. டவுன் கடைக்குப் போய் அதே மாத்திரையில் ஒன்று வாங்கி வார்டில் காட்டினால் போதும். பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். இன்னொன்று, வீட்டுக்கு வந்த பிறகு அத்தைக்குக் கொடுக்கும் மாத்திரையை வலி இல்லை என்று யாரும் நிறுத்தக்கூடாது. டொக்டர் சொல்லும்போதுதான் குறைக்கவேண்டும். காய்ச்சல் வந்தால், பல் பிடுங்கினால், ஆப்பரேஷன் என்றால் அளவைக் கூட்டவேண்டிவரும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் வார்த்தையாக இதைச் சொல்லவேண்டும். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவை கௌரி.

கௌரி: சரி மதினி

முருகேசு: கடைக்காரன் பெயர் எழுதித் தரமாட்டான்

சுதாகர்: நானும் வருகிறேன் மாமா. காலை ஏழு மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

முருகேசு: எட்டுக்குத்தான் திறப்பான்

சுதாகர்: அப்போ எட்டு

ஆசிரியர்: ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டதும் ராசாத்தி பள்ளிக்கூடத்துக்குத் திரும்பக்கூடாது. ஹட்டனில் எங்கள் வீட்டில் ஓர் அறை சும்மாதான் இருக்கிறது.

கௌரி: அப்பாவைக் கேட்கவேண்டும் மாமா

செல்வி: என் வீட்டுக்கு வரட்டும். அக்காவை நான் பார்ப்பேன்

ஆசிரியர்: உன் வீட்டுக்கு மேலேயும் மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது என்று நீதானே சொன்னாய்

செல்வி: அது தூரம் அண்ணே

தர்ஷினி: இன்று ராத்திரி கௌரியோடு யார் நிற்பது?

செல்வி: நாளைக்கு முதல் பஸ் ஓடினால் வருகிறேன்

தர்ஷினி: நாளை மாலை எனக்கு ஓஃப் கிடைத்தால் கண்டியிலிருந்து நானும் வருகிறேன். உறுதியாகச் சொல்லமுடியாது.

செல்வி: பரிசத்தைப் பற்றி ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லையே

ராஜன் (கட்டார்): மாப்பிள்ளை வீட்டோடு நான் பேசுகிறேன்

கௌரி: நீ பேசாதே அண்ணா. அப்பா பேசட்டும்.

முருகேசு: பார்ப்போம்